இடப்பக்கம் திரும்பிய பேருந்து

பத்துப் பெரிய கால்பந்து கிளப்புகள் சேர்ந்து தனியாக ஒரு லீக் தொடங்கப் போகின்றன, அந்தப் பத்தில் எங்கள் கிளப்பும் ஒன்று என்ற செய்தி வந்தபோது நான் பேருந்துக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். பின்சக்கரத்துப் பக்கம் எங்கோ காற்று கசிந்துகொண்டிருந்தது. குழாய் நெடுகச் சோப்புத் தண்ணீரைத் தடவி, எந்த இடத்தில் குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பணிமனை மெக்கானிக் குனிந்து, தன் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"டிரைவரே, இதப் பாருங்க."

"கையெல்லாம் சோப்பு. நீங்களே படிங்க."

அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து முழு அறிக்கையையும் நிறுத்தி நிதானமாகப் படித்தார். பத்து கிளப்புகளும் இனி தங்களுக்குள்ளேயே ஆடிக்கொள்ளும். கடல் தாண்டிய பெரிய நகரங்களிலும் ஆட்டங்கள் நடக்கும். புதிதாக யாரும் உள்ளே வர முடியாது. உள்ளே இருப்பவர்கள் வெளியே போகவும் வேண்டாம்.

"எத்தன ஆட்டம் தோத்தாலும் பத்து பேரும் பத்து பேராவே இருப்பாங்களாம்," என்றார்.

"அப்புறம் எதுக்கு ஆடணும்?"

"அத இதுல எழுதல."

குமிழி தெரிந்தது. விரலால் அந்த இடத்தைப் பொத்திக்கொண்டு ஸ்பேனரைக் கேட்டேன். அவர் எடுத்துக் கொடுத்தார்.

பதினேழு வருடங்களாக எங்கள் கிளப்பின் அணிப் பேருந்தை ஓட்டுகிறேன். இத்தனை வருடத்தில் ஒரு ஆட்டத்தைக்கூட உள்ளே உட்கார்ந்து பார்த்ததில்லை. ஆட்டம் முடியும்வரை டிரைவர் வண்டியை விட்டு நகரக் கூடாது என்பது விதி. மதிலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்பேன். எங்கள் ஆட்கள் கோல் போட்டால் சத்தம் தரையிலிருந்து கிளம்பி ஸ்டீயரிங் வரை ஏறும். எதிரணி போட்டால் ஒரு பெரிய கதவை மூடியதுபோல் எல்லாம் அடங்கி, தூரத்து மூலையில் மட்டும் கொஞ்சம் பேர் கத்துவார்கள். பழகிவிட்டால் அதுவே போதும்.

எனக்கு ஆட்டத்தைவிட வாசல்களை நன்றாகத் தெரியும். ஒரு சின்ன ஊரில் மைதானத்து வாசல் எங்கள் வண்டியைவிட இரண்டு சாண்தான் அகலம். கண்ணாடிகளை மடக்கிக்கொண்டுதான் நுழைய வேண்டும். இன்னொரு ஊரில் வண்டி நிறுத்தும் இடம் சரிவு. அங்கிருக்கும் காவல்காரர் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க இரண்டு மரக்கட்டைகளோடு எங்களுக்காக வாசலிலேயே காத்திருப்பார். அந்த ஊர் அணி எங்களைத் தோற்கடித்த அன்றுகூட முகத்தில் சிரிப்பைக் காட்டாமல் கட்டைகளை உருவிக்கொண்டு, "பார்த்துப் போங்க" என்று மட்டும் சொன்னார். புதிய லீக்கின் பட்டியலில் அந்த ஊர்கள் எதுவும் இல்லை. அந்தக் கட்டைகளை இனி யாருக்காக வைத்திருப்பார் என்று யோசித்தேன்.

இன்னொன்றையும் யோசித்தேன். எங்கள் லீக்கில் கடைசி மூன்று இடங்களில் முடிக்கும் அணிகள் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டும். கீழே ஜெயித்த மூன்று அணிகள் மேலே ஏறும். பதினோரு வருடங்களுக்கு முன்னால் நாங்கள் இறங்கினோம். வெளியூரில் கடைசி ஆட்டம். நாலு மணி நேரப் பயணத்தில் வண்டியிலிருந்த இருபத்தாறு பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பொழுது சாயும் நேரத்தில் ஊருக்குள் நுழைந்தோம். மழை. மைதானத்துக்குப் போகும் சாலையில் ஒரு சலவைக்கடை, அதை ஒட்டி ஒரு வளைவு; ஆட்ட நாட்களில் எங்கள் ரசிகர்கள் வண்டியை வரவேற்க நிற்கும் இடம் அது. அன்றும் முந்நூறு பேர் நின்றிருந்தார்கள். கல் விழும் என்று நினைத்து எல்லோரையும் திரையை இழுத்துவிடச் சொன்னார் கோச். கல் விழவில்லை. அவர்கள் கை தட்டினார்கள். கொண்டாட்டத்தில் தட்டுகிற தட்டு இல்லை அது. சாவு வீட்டில் கையைப் பிடித்துக்கொள்வதுபோல, மெதுவாக, விடாமல். இப்போது கேப்டனாக இருப்பவருக்கு அன்று பத்தொன்பது வயது. அவர் திரையை விலக்கிப் பார்த்தபடி அழுததை என் கண்ணாடியில் பார்த்தேன்.

அடுத்த வருடமே ஏறிவிட்டோம். ஆனால் என் நினைவில் நிற்பது ஏறிய நாள் இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மச்சான் வீட்டுக்கு வந்தார். என் மனைவியின் அண்ணன். மாற்றுச் சாவி செய்து கொடுக்கும் கடை வைத்திருக்கிறார். மைதானத்தின் வடக்குப் பார்வையாளர் மாடத்தில் நின்று ஆட்டம் பார்ப்பவர்களின் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். ஊரில் பாதிப் பூட்டுகளைத் திறந்தவருக்கு என் வாயை மட்டும் திறக்கத் தெரியாது.

வீட்டில் கால் வைக்க இடமில்லை. துணிக்கடைகளுக்கு அளவு மாற்றித் தைத்துக் கொடுக்கும் என் மனைவி, அன்று பதினோரு வெள்ளைப் படுக்கை விரிப்புகளை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்துக்கொண்டிருந்தாள். மேலே நீல எழுத்துகள். சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் தள்ளியிருந்தாள்.

"மாப்பிள்ளை, நாளைக்கு எந்த வழி?" என்றார் மச்சான்.

நான் காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"உங்களத்தான். பேசினா முத்து உதிர்ந்துடுமா?"

"ஆட்ட நாள் வழிய நான் வீட்டுலகூட சொல்றதில்ல மச்சான். வேணும்னா உங்க தங்கச்சியக் கேளுங்க."

"இவர் எங்கிட்ட எதத்தான் சொல்லியிருக்கார்," என்றாள் மனைவி, மிதியை நிறுத்தாமல். "கல்யாணத்துக்கு சம்மதமான்னு கேட்டப்பவே தலையத்தான் ஆட்டினார். ஆமான்னு ஆட்டினாரா இல்லேன்னு ஆட்டினாரான்னு அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் சந்தேகம்."

மச்சான் சிரிக்கவில்லை. விரிப்பை மிதிக்காமல் தாண்டி வந்து என் எதிரே உட்கார்ந்தார். புதிய லீக்கை எதிர்த்து நாலாயிரம் பேர் வருகிறார்கள் என்றார். வளைவில் சாலைக்குக் குறுக்கே உட்காரப் போகிறார்கள். கல் இல்லை, கம்பு இல்லை. உட்காருவது மட்டும்தான்.

"ஆனா நீங்க பின்வாசல் வழியா போயிட்டீங்கன்னு வைங்க. நாங்க வெறும் ரோட்டப் பாத்து கத்திட்டு வீட்டுக்கு வரணும். உள்ள ஆட்டம் நடக்கும். பாத்தீங்களா, எல்லாம் வழக்கம்போலத்தான் இருக்கு, யாருக்கும் கோவமே இல்லன்னு ஊருக்கெல்லாம் காட்டுவாங்க."

"எனக்கே காலையிலதான் சொல்லுவாங்க."

"சொன்னதும் ஒரு ஃபோன் போடுங்க. போதும்."

"மாட்டேன்."

தையல் இயந்திரம் ஒரு நொடி நின்று மறுபடி ஓடியது.

"நீங்க யார் பக்கம் மாப்பிள்ளை?"

கழற்றிய காலுறைகளைச் சுருட்டி ஓரமாக வைத்தேன். பிறகு, "வண்டியில இருக்கிறவங்க பக்கம்," என்றேன். அது பொய் இல்லை. முழுதும் மெய்யா என்று எனக்கே தெரியவில்லை.

மச்சான் எழுந்தார். "என் தொழில்ல எத்தனையோ பாத்திருக்கேன். சாவித் துவாரமே இல்லாத பூட்ட இப்பத்தான் பாக்குறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மனைவி விரிப்பை என் முன் இழுத்துப் போட்டாள். "விழுந்தப்ப நாங்க இருந்தோம். இப்ப நீங்க எங்க" என்று இருந்தது. அதோடு துணி முடிந்துவிட்டது.

"போறீங்கன்னு வரணும். அண்ணன் சாண் கணக்குல அளந்து குடுத்தார். சாவி அளக்குற கை, துணி அளந்தா இப்படித்தான். அந்த ஒரு வார்த்தைக்குத் தனியா ஒரு விரிப்பு. பக்கத்துல ரெண்டு பேர் பிடிச்சுக்குவாங்க."

ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "வேலை போயிடும்னு பயமா?"

"ஆமா."

"எனக்கும்தான்," என்று சொல்லிவிட்டு அடுத்த எழுத்தைத் தைக்கத் தொடங்கினாள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளப்பின் போக்குவரத்து மேலாளர் கூப்பிட்டார். அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அன்றும் உயர்த்தவில்லை.

"இன்னைக்கு ரயில் பாலத்துக்கு அடியில போய் சரக்கு வாசல் வழியா உள்ள வர்றோம். யாருக்கும் தெரிய வேண்டாம். இது என் முடிவு இல்ல, மேல இருந்து வந்தது. ஏதாவது மாறினா உங்க வேலை இருக்காது. என்னோடதும் சந்தேகம்தான்."

"சரி சார்."

அந்த 'சரி'யை நான் பொய்யாகச் சொல்லவில்லை. வலப்பக்கம் திரும்பும் எண்ணத்தோடுதான் வண்டியை எடுத்தேன். யாருக்கும் ஃபோன் செய்யவில்லை.

பயிற்சி மைதானத்திலிருந்து வரும் சாலை, பெட்ரோல் பங்குக்கு எதிரே இரண்டாகப் பிரியும். வலது பக்கம் ரயில் பாலம். இடது பக்கம் சலவைக்கடை வளைவு. அங்கே சிவப்பு விளக்கில் நின்றோம். மேலாளர் என் பக்கத்துச் சின்ன இருக்கையில் இருந்தார். அவருக்குப் பின்னால் முதல் வரிசையில் கேப்டன். மற்றவர்கள் காதில் பாட்டுக் கேட்கும் கருவியை மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்கள்.

"அண்ணே, வளைவுல கூட்டம் இருக்குமா?" என்று கேட்டார் கேப்டன்.

"இருக்கும்."

"இன்னைக்கு வேற வழி," என்றார் மேலாளர்.

கண்ணாடியில் பார்த்தேன். கேப்டன் ஜன்னல் திரையின் ஓரத்தைப் பிடித்து, மூடுவதா வேண்டாமா என்று தெரியாதவர்போல் உட்கார்ந்திருந்தார்.

அந்த விளக்கு தொண்ணூறு நொடி. தொண்ணூறு நொடியில் ஒரு மனிதனுக்கு என்னவெல்லாம் தோன்றலாம் என்று யாராவது கேட்டால், எனக்கு ஒன்றுதான் தோன்றியது என்பேன். தோற்று, இறங்கி, தலையைத் தொங்கப்போட்டு வந்த அன்று நாங்கள் அந்த வழியாகத்தான் வந்தோம். அன்று ஒளிந்து போகவில்லை. இன்று எதற்கு ஒளிய வேண்டும்?

இடது இண்டிகேட்டரைப் போட்டேன். இரண்டு கண்ணாடிகளையும் பார்த்தேன். பச்சை விழுந்தது. திருப்பினேன்.

"டிரைவர், வலது," என்றார் மேலாளர். "வலது. டிரைவர்."

பதிமூன்று மீட்டர் வண்டி. அந்தத் தெருவுக்குள் நுழைந்துவிட்டால் பின்னால் எடுக்க வழியில்லை. அது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும் என்பதால் மூன்றாவது முறை அவர் சொல்லவில்லை. இருக்கையின் கைப்பிடியை மட்டும் பிடித்துக்கொண்டார்.

வளைவில் நாலாயிரம் பேர் இல்லை. இரண்டாயிரம் இருந்தால் அதிகம். காரணம் பிறகுதான் தெரிந்தது. காலையிலிருந்து கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு என் அழைப்புக்காகக் காத்திருந்த மச்சான், கடைசியில், "மாப்பிள்ளை பேசலேன்னா பின்வாசல்தான். எனக்கு அவரத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டுப் பாதிக் கூட்டத்தை ரயில் பாலத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். போனவர்களோடு அந்தத் தனி விரிப்பும் போய்விட்டது. அதனால் பேருந்து திரும்பியபோது வளைவில் விரிந்திருந்த துணியில் இப்படித்தான் இருந்தது: "விழுந்தப்ப நாங்க இருந்தோம். இப்ப நீங்க எங்க". ஒரு முனையை என் மனைவி பிடித்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. துணியை மட்டும் இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடித்தாள்.

வண்டியைக் கண்டதும் கூட்டம் ஒரு கணம் அசையாமல் நின்றது. உண்மையிலேயே வருவோம் என்று அவர்கள் நம்பியிருக்கவில்லை. பிறகு முன்வரிசை உட்கார்ந்தது. அதற்குப் பின்னால் அடுத்த வரிசை. தள்ளுமுள்ளு எதுவும் இல்லாமல், இடம் பார்த்து, ஒருவருக்கொருவர் கை கொடுத்து உட்கார்ந்தார்கள். பத்தடி முன்னால் நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டு, இன்ஜினை அணைத்தேன்.

"ஸ்டார்ட் பண்ணுங்க," என்றார் மேலாளர்.

"எதிர்ல ஆளு உட்கார்ந்திருக்காங்க சார்."

"ஹாரன் அடிங்க."

"அடிச்சா எந்திரிக்கிற ஆளா தெரியல சார்."

அவர் கைபேசியை எடுத்து யாரிடமோ, "ஆமாம் சார், வளைவுலதான். தெரியல சார். தெரியல," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கேப்டன் எழுந்து வந்து என் தோளுக்குப் பக்கத்தில் நின்றார். துணியில் இருந்ததை உதடு அசையப் படித்தார்.

"கதவத் திறங்கண்ணே. நான் இறங்குறேன்."

மேலாளர் கைபேசியைக் காதிலிருந்து எடுத்து, "கூடாது," என்றார்.

நான் திறக்கவில்லை. வழி என் பொறுப்பு. அதை நான் மாற்றினேன். ஆனால் இரண்டாயிரம் பேருக்கு நடுவில் ஒருவரை இறக்கிவிட்டு, அவருக்கு ஏதாவது ஆனால் அதற்கு என்னால் பதில் சொல்ல முடியாது. கேப்டன் என்னைப் பார்த்தார். தலையை அசைத்தேன். இந்த முறை அது 'இல்லை' என்று யாருக்கும் சந்தேகம் வராதபடிதான் அசைத்தேன். அவர் கோபப்படவில்லை. முன்கண்ணாடிக்கு நேராகப் போய், கைகளைத் தொங்கவிட்டு, வெளியே இருப்பவர்களுக்கு முழு உடம்பும் தெரியும்படி நின்றார். கொஞ்ச நேரத்தில் கோல்கீப்பர் வந்து பக்கத்தில் நின்றார். பிறகு இன்னொருவர். கடைசியில் கோச் ஒருவர்தான் இருக்கையில் இருந்தார். அவரும் கொஞ்சம் எக்கித்தான் உட்கார்ந்திருந்தார்.

இருபது நிமிடம் கழித்து மச்சான் ஓடி வந்தார். அக்குளில் அந்த விரிப்பு. முகமெல்லாம் வியர்வை. கண்ணாடிக்கு வெளியே நின்று, மூச்சு வாங்கிக்கொண்டே, ஒரு கையை என் பக்கம் நீட்டி ஏதோ சொன்னார். வார்த்தைகள் கேட்கவில்லை, ஆனால் பெண்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லக் கூடாதது என்பது தெரிந்தது. பிறகு இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்தார்.

ஒரு மணி ஐம்பது நிமிடம் அப்படியே இருந்தோம். பாடினார்கள், நிறுத்தினார்கள், மறுபடி பாடினார்கள். யாரோ ஒருவர் நீளமான குச்சியால் என் பக்கக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போனார். அவர்களாகவே எழுந்து வழி விட்ட பிறகு, ஆட்டம் இரண்டு மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. கூட்டத்துக்கு நடுவே நிற்கும் எங்கள் பேருந்தின் படம் அதற்குள் உலகம் முழுக்கப் போயிருந்தது. அன்று சாயங்காலமே வேறு மூன்று நகரங்களில் பேருந்துகளை மறித்தார்கள்.

திங்கட்கிழமை நான்கு கிளப்புகள் பின்வாங்கின. செவ்வாய்க்கிழமை மத்தியானம் எங்கள் கிளப்பும். "எங்கள் ரசிகர்களின் குரலைக் கேட்டோம்" என்று ஒரு அறிக்கை. அதற்கு மேலே எங்கள் பேருந்தின் அதே படம், அழகாக வெட்டி, ஓரத்தில் கிளப்பின் முத்திரையோடு. படத்தில் என் கை தெரிந்தது. முகம் தெரியவில்லை.

புதன்கிழமை மேலாளர் தன் அறைக்கு அழைத்தார். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, நான்கு இழுப்பறைகள் கொண்ட ஒரு இரும்பு அலமாரி. நான் உட்கார்ந்ததும் அவர் தட்டச்சு செய்த ஒரு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"காவல் துறையில கேட்டிருக்காங்க. காப்பீட்டுக்காரங்களும் கேட்டிருக்காங்க. சொன்ன வழி ஒண்ணு, வந்த வழி ஒண்ணு, ஏன்னு. ஃபைல்ல ஒரு பதில் இருக்கணும்."

தாளில் ஆறு வரிகள். பதினேழு வருடங்களாக ஒரே வழியில் ஓட்டிய பழக்கத்தால், புதிய வழி நினைவிலிருந்து தப்பி, கை தானாக இடப்பக்கம் திரும்பிவிட்டது. வருந்துகிறேன். கீழே என் பெயர், கையெழுத்துக்கு ஒரு கோடு.

"இதுல கையெழுத்துப் போட்டீங்கன்னா ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோட முடிஞ்சிடும். சனிக்கிழமை நீங்கதான் ஓட்டுவீங்க."

"நான் இண்டிகேட்டர் போட்டேனே சார்."

"கேமராவுல பாத்தேன். பச்சை விழுறதுக்கு முன்னாடியே போட்டிருக்கீங்க." தாளை என் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினார். "அத நான் மட்டும்தான் பாத்தேன்."

அவர் எனக்குக் கெடுதல் செய்யவில்லை. தன்னால் முடிந்த ஒரே நல்லதைச் செய்தார். அதனால்தான் அங்கேயே மறுக்க மனம் வரவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன்.

வீட்டில் மச்சான் இருந்தார். நான்கு நாட்களாகச் சந்தோஷத்தில் அவர் கால் தரையில் பாவவில்லை. விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னைவிட அதிகமாகக் கொதிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"கையெழுத்துப் போட்டுட்டு வாங்க," என்றார். "இதுல என்ன யோசனை? பாம்பும் சாகணும், தடியும் உடையக் கூடாது. பாம்பு செத்தாச்சு. நீங்க எதுக்குத் தடிய எடுத்துக் கல்லுல அடிக்கிறீங்க?"

"பொய்யில்லையா மச்சான்?"

"ஆறு வரிப் பொய். அவங்க போட்ட அறிக்கை எத்தன வரி? ரசிகர்களின் குரலக் கேட்டாங்களாம். காத அடைச்சுக்கிட்டு பின்வாசல் வழியா போகப் பாத்தவங்க."

மனைவி ஒரு சட்டையின் காலரைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "அவரப் பேச விடுங்கண்ணே. இப்ப பேசுவார் போல இருக்கு."

பேசினேன். அவ்வளவு நேரம் நான் தொடர்ந்து பேசியது எனக்கே புதிது.

"இருபத்தாறு பேர வெச்சுக்கிட்டு ஓட்டுறப்ப என் கை தானா திரும்பாது மச்சான். ஒரு நாளும் திரும்பினதில்ல. தானா திரும்புற கைன்னா அது வண்டியத் தொடவே கூடாது. இது ஒண்ணு. இன்னொண்ணு, இவங்க சும்மா இருக்க மாட்டாங்க. மூணு வருஷம், அஞ்சு வருஷம் கழிச்சு இதே லீகக் கொண்டு வருவாங்க, வேற பேர்ல. அப்ப யாராவது பழைய ஃபைல எடுத்துப் பாப்பாங்க. அன்னைக்கு ஏன் வண்டி நின்னுச்சுன்னு. டிரைவர் வழி மறந்துட்டான், அதனாலன்னு அதுல இருக்கும். நீங்க ரெண்டாயிரம் பேர் உட்கார்ந்தது, கேப்டன் கண்ணாடிக்கு முன்னாடி நின்னது, எல்லாம் ஒரு ஞாபக மறதின்னு ஆயிடும். அத என் கையெழுத்துல குடுக்கச் சொல்றீங்களா?"



"இத்தன வருஷமா இதுக்குத்தான் சேத்து வெச்சிருந்தீங்களா பேச்ச?" என்றாள் மனைவி. கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "சரி. எழுதிக் குடுங்க. நான் இன்னும் ரெண்டு கடைக்குச் சேத்துத் தைக்கிறேன். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். வேலை இல்லேன்னு வீட்டுல உட்கார்ந்து நாள் பூரா ஜன்னலப் பாத்துக்கிட்டு இருந்தீங்கன்னா, நானே போய் அவங்க காலப் பிடிச்சு உங்கள மறுபடி வேலைக்குச் சேத்துடுவேன்."

"லாரி ஓட்டலாம்," என்றேன்.

"லாரியோட பேச வேண்டியதில்ல. உங்களுக்குத் தோதுதான்."

மச்சான் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்று, தரையைப் பார்த்தபடி, "நான் பாதிக் கூட்டத்தக் கூட்டிட்டுப் போயிட்டேனே மாப்பிள்ளை," என்றார். நான்கு நாட்களாக அது அவரை அரித்திருக்கிறது. நான் அவருக்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

வியாழக்கிழமை காலையில் மேலாளரின் மேசையில் இரண்டு தாள்களை வைத்தேன். இரண்டிலும் ஒரே விஷயம், என் கையெழுத்தில். அவர் தட்டச்சு செய்து கொடுத்த தாளையும் கோடு வெறுமையாக இருக்கத் திருப்பிக் கொடுத்தேன்.

அவர் படித்தார்.

"சனிக்கிழமை எனக்குச் சொல்லப்பட்டது சரக்கு வாசல் வழி. அது எனக்கு நன்றாக நினைவிருந்தது. இடது இண்டிகேட்டரைப் போட்டு, இரண்டு கண்ணாடிகளையும் பார்த்து, தெரிந்தே இடப்பக்கம் திரும்பினேன். யாரும் என்னிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. வண்டி நல்ல நிலையில் இருந்தது. நானும் நல்ல நிலையில் இருந்தேன்."

முதல் முறை வேகமாகப் படித்தார். இரண்டாம் முறை மெதுவாக. பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். வெளியே புல் வெட்டும் இயந்திரம் ஒரு முனைக்குப் போய்த் திரும்பி வந்தது.

"இதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் சார்."

"இதுக்கப்புறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாது. இந்தச் சனிக்கிழமை வேற ஆள் ஓட்டுவார்."

"சரி சார். ரெண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அவர்ட்ட சொல்லுங்க."

சாவியை மேசையில் வைத்தேன். அவர் அதை எடுக்கவில்லை. நான் எழுந்து போவேன் என்று காத்திருந்தார். நான் போகவில்லை.

"இன்னும் என்ன?"

"ரெண்டாவது தாள்ல, பெற்றுக்கொண்டேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அது என்கிட்ட இருக்கும். மொதல் தாள் ஃபைல்ல இருக்கட்டும்."

"எதுக்கு?"

"அங்க இருக்கணும் சார். கிழிஞ்சு போகாம."

அவர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு அது கஷ்டமில்லை. பிறகு இழுப்பறையைத் திறந்து முத்திரையைத் தேடினார். முதல் இழுப்பறையில் இல்லை. மூன்றாவதில் இருந்தது. மை காய்ந்திருந்ததால் இரண்டு முறை அழுத்தினார். கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார்.

"நேரத்தையும் போடுங்க சார்."

சுவரில் இருந்த கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அதையும் போட்டார்.